பதினேழு ஞாயிறுகள்

மொண்டெவிடியோவில்,
ஆற்றைக் கடலென்று நம்பவைக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில்
ஸுல்மா எட்செவெரியின் தொலைபேசி.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
அறுநூற்றுப் பன்னிரண்டு பேரை அழைப்பது வேலை.
எல்லாரும் மாரடைப்பிலிருந்து ஒருமுறை தப்பியவர்கள்.
பாதிப் பேர் புட்டியில் மருந்து,
ரத்தக் குழாயின் உட்சுவரில் கனலும் அழற்சியை
ஆற்றுமா என்று பார்க்க.
மீதிப் பேர் புட்டியில் மாவு.
எது எவருக்கு என்று அவளுக்குத் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது.
தெரிந்த தாள் பூட்டிய பெட்டிக்குள்.

கேள்விகள் அச்சிட்டவை.
நெஞ்சில் வலி உண்டா.
படியேறினால் மூச்சு வாங்குகிறதா.
மாத்திரை தவறியதுண்டா.
எப்படியிருக்கிறீர்கள் என்பது படிவத்தில் இல்லை.

நானூற்றுப் பதினேழு:
வாஷிங்டன் ஒலிவேரா, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்.
ஒவ்வொரு தடவையும் சொல்வார்:
"தவறவில்லை பெண்ணே, ஒரு நிறுத்தம்கூட."
பின்னால் வானொலியில் யாராவது கோல் அடிப்பார்கள்.

இருபத்தொன்பதாம் மாதம்
அவர் மனைவி எடுத்தாள்.

அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
முதன்மை முடிவுப்புள்ளி என்று பெயர்.
தேதி. நேரம், தெரிந்தால்.

மிச்ச மாத்திரையைத் திருப்பித் தரவேண்டும் என்பது விதி.
ஒடில்யா புட்டியை ரொட்டிப் பையில் சுற்றி
இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தாள்.
மேசையில் கொட்டி இருவரும் எண்ணினார்கள்.
நூற்றெண்பதில்
நூற்றுப் பத்தொன்பது நாள் போக
அறுபத்தொன்று இருக்கவேண்டும்.
எழுபத்தெட்டு இருந்தது.
மறுபடி எண்ணினார்கள், விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தள்ளி.

"பதினேழு" என்றாள் ஒடில்யா.
அப்புறம் வெகுநேரம் கழித்து,
"ஞாயிறுகள்."

ஞாயிறு கரி மூட்டி விலாவெலும்பு வாட்டும் நாள்.
பிள்ளைகள் வருவார்கள்.
இன்றைக்கு நான் நோயாளி இல்லை என்பாராம்,
கையில் இடுக்கியோடு.
புகைக்குள்ளிருந்து வந்த பேச்சு,
அவள் விளையாட்டென்று விட்டுவிட்டாள்.

என் மொழியில்
எண்ணுவதும் நினைப்பதும் ஒரே சொல்.
அந்த இரண்டு பெண்களுக்கும் இது தெரியாது.
ஆனாலும் மேசைமேல்
ஒன்று முடிந்த இடத்தில் மற்றது தொடங்கியிருந்தது.

"அந்தப் பதினேழையும் விழுங்கியிருந்தால்?"

ஸுல்மா படிவத்தைப் பார்த்தாள்.
படிவம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

இரண்டு வருஷம் கழித்துப் பெட்டி திறந்தது.
திரையில் இரண்டு கோடுகள்,
இரண்டும் கீழே இறங்கும் படிக்கட்டுகள்,
ஒன்று மட்டும் கொஞ்சம் தயங்கி இறங்கியது.
வித்தியாசம் சிறிது, ஆனால் மெய் என்றார்
புள்ளியியல்காரர்.
கேக் வெட்டினார்கள்.
ஸுல்மா தாழ்ந்த கோட்டில் விரல் வைத்து
இருபத்தொன்பதாம் மாதத்தில் நிறுத்தினாள்.
மயிரிழை ஆழத்தில் ஒரு படி.
சீட்டு வாங்காமல்
யாரோ இறங்கிப்போன மாதிரி.

நானூற்றுப் பதினேழு: மாவு.

அழைத்தாள். அனுமதிக் கடிதம் வந்த அன்றைக்கே.
"ஞாயிறுகள் ஒன்றும் செய்யவில்லை, அம்மா.
விழுங்கியதும் மாவு, விழுங்காததும் மாவு."

மறுமுனையில் கெண்டி கொதித்து விசிலடித்தது.
யாரும் இறக்கவில்லை.

"அப்படியானால் அந்த மருந்து? பலித்ததா?"

ஸுல்மா ஆமாம் என்றாள்.
அந்தச் சொல் இவ்வளவு கனக்கும் என்று
ஐந்து வருஷத்தில் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

கெண்டி அடங்கியது.
"ஞாயிறு விஷயத்தைப் பிள்ளைகளிடம்
சொல்லாமலே வைத்திருந்தேன்.
இனிச் சொல்லலாம்."
பிறகு, தனக்கே போல:
"மற்றதைச் சொல்லமாட்டேன்."

அடுத்த எண்.
நானூற்றுப் பதினெட்டு எரிச்சலோடு எடுத்தார்.
லிஃப்ட் பழுது, மூன்று மாடி,
பையில் உருளைக்கிழங்கு,
மணி அடிப்பது கேட்டு ஓடிவந்தாராம்.
ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்றார்.

அவர் மூச்சு அடங்கும்வரை
ஸுல்மா காத்திருந்தாள்,
எண்ணிக்கொண்டு.